உள்ளே வந்த வைரஸ் வெளியே போவது எப்படி?

நம் சங்க நூலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் படிக்க வருகிறவர்களில் ஓர் இளைஞன் உண்டு. தாராவி லேபர் கேம்ப்பில் வீடு. அவனுடைய தகப்பனார் என்னிடம் இருபது வருடம் ஃபிட்டராக வேலை பார்த்தவர். 2020 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார். நானும் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். ஊரடங்கினால் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட முடியவில்லை.

சில மாதங்களுக்கு முன் அந்தப் பையன் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். "பெரியப்பா, ஒண்ணு கேக்கணும். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது வெள்ளிக்கிழமை. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் நாங்க யாரும் அவரைப் பார்க்கல. ஆனா திங்கட்கிழமை அம்மாவுக்கும் வந்துட்டு. அப்படின்னா அவர் நல்லா இருந்தப்பவே அது அவர் உடம்பிலிருந்து வெளிய வந்துட்டுத்தானே? உள்ள எப்படிப் போச்சுன்னு டி.வி.யில எல்லாரும் சொன்னாங்க. வெளிய எப்படி வந்துச்சுன்னு யாருமே சொல்லலியே?"

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். ரயில் பெட்டி ஒர்க்ஷாப்பை விட்டு எப்படி வெளியே போகும் என்று கேட்டால் சொல்வேன். வைரஸ் செல்லை விட்டு எப்படி வெளியே போகும் என்று எனக்கு என்ன தெரியும்? "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். என் மகள் மைக்ரோபயாலஜி படித்தவள். அவள் கொண்டுவந்து கொடுத்த புத்தகங்களையும் கட்டுரைகளையும் நான்கு மாதம் மெதுவாகப் படித்தேன். படிக்கப் படிக்க, இது நம் ஒர்க்ஷாப் விவகாரம் போலவே இருக்கிறதே என்று வியந்து போனேன். அவனுக்குச் சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு தொழிற்சாலை. உள்ளே மின்சார அறை, ஸ்டோர், தளவாட அறை, குப்பை அறை எல்லாம் உண்டு. வெளியே மெல்லிய கொழுப்புச் சவ்வால் ஆன காம்பவுண்டுச் சுவர். வைரஸ் என்பது தொழிற்சாலை அல்ல. அது ஒரு வரைபடம், ஓர் உறை, உள்ளே நுழையவும் நகல் எடுக்கவும் வேண்டிய இரண்டொரு கருவி. அவ்வளவுதான். உள்ளே நுழைந்த பின் நம் செல்லின் இயந்திரங்களை வைத்தே தன் உதிரி பாகங்களைச் செய்துகொள்கிறது. இதுவரை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. சரக்கு தயாரான பின் கேட்டைத் தாண்டுவது எப்படி என்பதுதான் பையனின் கேள்வி.

சில வைரஸ்கள் முரட்டுத்தனமானவை. போலியோ வைரஸ் பெரும்பாலும் செல்லை உடைத்துக்கொண்டே வெளியே கொட்டும். தொழிற்சாலை அத்துடன் முடிந்தது. ஆனால் எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி., ஃப்ளூ, எபோலா, கொரோனா எல்லாம் வேறு ஜாதி. இவை சுவரை உடைப்பதில்லை. சவ்வில் ஒரு துண்டைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு, சோப்புக் குமிழி போலப் பிதுங்கி வருகின்றன. பிதுங்கிய இடத்தில் சவ்வு மறுபடியும் மூடிக்கொள்கிறது. செல் சாவதில்லை, வேலையும் நிற்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். (அந்தப் போர்வை நம் கொழுப்பு என்பதால்தான் சோப்பு பட்டதும் அது கரைந்து வைரஸ் பயனற்றுப் போகிறது. 2020-இல் கைகழுவு கைகழுவு என்று நம் உயிரை வாங்கியது இதனால்தான்.)

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. ஒரு கோணிப் பையின் வாயை வெளியே நின்று கயிறு போட்டுக் கட்டுவது சுலபம். செல்லும் வெளியிலிருந்து எதையாவது விழுங்கும்போது அப்படித்தான் செய்கிறது. சவ்வு உட்பக்கமாகக் குழிந்து பையாகும். அதன் கழுத்தைச் சுற்றி, செல்லின் உள்ளேயிருந்தே ஒரு புரத வளையம் இறுக்கி அறுத்துவிடும். ஆனால் வைரஸ் பிதுங்குவது எதிர்த் திசையில், வெளிப்பக்கமாக. அப்போது செல்லின் புரதங்கள் எல்லாம் பையின் கழுத்துக்கு உள்ளே அல்லவா இருக்கின்றன? கோணிக்குள் நின்றுகொண்டு கோணி வாயைக் கட்டுவது போன்ற வேலை இது. ஒரு குழாயை அதன் உள்ளேயிருந்தே சுருக்கி அறுக்க வேண்டும். நாற்பது வருடம் இரும்போடு பழகிய எனக்கே இதற்கு ஒரு டூல் சட்டென்று தோன்றவில்லை.

செல்லிடம் அந்த டூல் இருக்கிறது. அதன் பெயர் எஸ்கார்ட். ஒரே புரதமல்ல, பல புரதங்கள் அடங்கிய ஒரு கோஷ்டி. இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் வைரஸ் ஆராய்ச்சியாளர்கள் அல்லர். நம் வடா பாவின் பாவைப் புளிக்க வைக்கிறதே ஈஸ்ட், அதை ஆராய்ந்த அமெரிக்கர் ஸ்காட் எம்ர் என்பவரின் குழு 2001, 2002-இல் கண்டறிந்தது. செல்லின் சுவரில் பழுதாகிப்போன புரதங்களைச் சிறு பைகளில் போட்டு, பை வாயை உள்ளிருந்தே மூடிக் குப்பைக்கு அனுப்புவது எஸ்கார்ட்டின் அன்றாட வேலை. இன்னொரு வேலையும் உண்டு. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது இரண்டுக்கும் நடுவே கடைசியாக ஒரு மெல்லிய பாலம் இருக்கும். அதை வெட்டிவிடுவதும் இந்தக் கோஷ்டிதான். இதன் ஒரு பகுதியான புரதங்கள் கழுத்துக்குள் சுருள் கம்பி போல வரிசையாகச் சேர்ந்து, கழுத்தைச் சுருக்கிச் சுருக்கி அறுத்துவிடும். இந்த வேலைக்கு வேண்டிய எரிபொருளையும் செல்லே கொடுக்கிறது.

இந்தக் கோஷ்டியை எச்.ஐ.வி. எப்படி வரவழைக்கிறது என்று சொல்வதற்கு முன், அந்த வைரஸ் நம் பக்கம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் இரண்டு தமிழ்நாட்டுப் பெண்மணிகள். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா. நம் நாட்டில் அதெல்லாம் இருக்காது என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்து, 1986 பிப்ரவரியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. அமெரிக்காவிலும் சோதித்து உறுதி செய்தார்கள். சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் ஓர் எய்ட்ஸ் மையத்தைத் தொடங்கி, 2015-இல் காலமாகும் வரை அந்த நோயாளிகளோடேயே இருந்தார். நம் பம்பாயில் அந்த நோய் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதும், எத்தனை பேர் ஊருக்கே திரும்பிப் போகாமல் மறைந்தார்கள் என்பதும் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பலருக்குப் பல வருடம் நோயின் அடையாளமே தெரியாது. ஆனால் வைரஸ் உள்ளேயிருந்து வெளியே வந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது ஒரு ஒர்க்ஷாப் கதை. எந்த ஊர், எந்த ஒர்க்ஷாப் என்று கேட்க வேண்டாம். அங்கே பித்தளைச் சாமான்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. சுவர் உடையவில்லை, பூட்டும் உடையவில்லை. கடைசியில் பார்த்தால், அவை தினமும் ஸ்கிராப் லாரியிலேயே பகிரங்கமாகப் போயிருக்கின்றன. கேட் பாஸில் ஸ்டோர் கீப்பரின் கையெழுத்தை எவனோ அச்சாகப் போட்டிருக்கிறான். ஒரு சுழி மட்டும் வேறு. வாட்ச்மேன் கையெழுத்தைப் பார்த்தார், கேட்டைத் திறந்தார். அவர் மேல் என்ன தப்பு?

எச்.ஐ.வி. செய்வது அதேதான். அதன் உடலைக் கட்டும் புரதத்துக்குக் காக் என்று பெயர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காக் புரதங்கள் சவ்வின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு அதை வெளியே தள்ளிக் குமிழியாக்குகின்றன. குமிழியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு காக் புரதத்தின் வாலிலும் நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்னச் சங்கேதம் உண்டு: புரோலின், திரியோனின், அலனின், புரோலின். எஸ்கார்ட் கோஷ்டியில் டி.எஸ்.ஜி.101 என்றொரு புரதம் இருக்கிறது. நம் கதையின் வாட்ச்மேன் அதுதான். அதற்கு உண்மையான உத்தரவு கொடுக்க வேண்டிய செல்லின் சொந்தப் புரதத்தில் இருக்கும் சங்கேதம் புரோலின், செரின், அலனின், புரோலின். நான்கில் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். வாட்ச்மேன் ஏமாந்துபோகிறார். கோஷ்டி முழுவதும் வந்து கழுத்தை அறுத்து வைரஸை அனுப்பிவைக்கிறது.

இதை 2001-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் வெஸ்லி சண்ட்குவிஸ்ட் என்பவரின் குழு நிரூபித்தது. டி.எஸ்.ஜி.101 இல்லாதபடி செய்த செல்களில் வைரஸ்கள் முழுதாகப் பிரியாமல், காம்பு அறாத பழம் போலச் சவ்விலேயே தொங்கின. எபோலா வைரஸும் இதே வாட்ச்மேனைத்தான் ஏமாற்றுகிறது.

நம் செல்லும் சும்மா இருப்பதில்லை. டெதரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. ஒரு முனை செல்லின் சவ்வில், மறு முனை வைரஸின் போர்வையில். கழுத்து அறுந்த பின்னும், கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்ட கயிறு போல வைரஸை வாசலிலேயே பிடித்து வைத்திருக்கும். 2008-இல்தான் இதன் வேலை தெரியவந்தது. அதற்கும் எச்.ஐ.வி. வழி வைத்திருக்கிறது. அதன் வி.பி.யு. என்ற சிறு புரதம், நம் செல்லின் குப்பை இலாகாவையே ஏவிவிட்டு, டெதரினைக் கழிவு என்று முத்திரை குத்தி ஒழித்துக்கட்டுகிறது. திருடன் நம் போலீசையே வைத்து நம் வாட்ச்மேனைப் பிடித்துப் போட்ட மாதிரி! இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

பையன் கேட்டது கொரோனாவைப் பற்றி. அதன் வழி கொஞ்சம் வேறு. அது வெளிச்சுவரில் பிதுங்குவதில்லை. செல்லுக்கு உள்ளேயே புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் அறைகள் சில உண்டு. அந்த அறை ஒன்றுக்குள் பிதுங்கி அங்கேயே முழு உருவம் பெற்றுவிடுகிறது. போகிற வழியில் ஃப்யூரின் என்ற நம் வெட்டுப் புரதம் அதன் முள்ளில் ஒரு வெட்டு வெட்டிக் கொடுத்து, அடுத்த செல்லுக்குள் நுழைய அதைத் தயார் செய்கிறது. இந்த உபகாரமும் நம்முடையதுதான். அப்புறம்?

செம்பூர்க்காரர்களுக்குத் தேவனார் குப்பை மேட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1927-லிருந்து இந்த நகரத்தின் குப்பை போய்ச் சேர்ந்த இடம். செல்லுக்குள்ளும் தேவனார் உண்டு. அதற்கு லைசோசோம் என்று பெயர். உள்ளே அமிலம் நிறைந்திருக்கும். எது போய் விழுந்தாலும் கரைந்துபோகும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன விஞ்ஞானிகள் 2020-இல் ஆச்சரியமான ஒன்றைக் கண்டார்கள். கொரோனா வைரஸ்கள் இந்த லைசோசோம்களில் ஏறித்தான் வெளியே போகின்றன. தொற்று வந்த செல்லில் லைசோசோமின் அமிலம் நீர்த்துப்போய்விடுகிறது. வைரஸ் கரையாமல் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. சாதாரணமாகவே சில லைசோசோம்கள் செல்லின் ஓரத்துக்கு நகர்ந்து உள்ளதை வெளியே கொட்டுவதுண்டு. அப்படி நகர்த்தும் ஏ.ஆர்.எல்.8பி என்ற நம் புரதமே வைரஸையும் சுமந்துகொண்டு போகிறது. வாசலில் சவ்வோடு சவ்வு சேர்ந்து திறக்க, வைரஸ்கள் வெளியே கொட்டுகின்றன. நான் சொன்ன ஸ்கிராப் லாரியேதான். செல் உடைய வேண்டிய அவசியமே இல்லை.

பையனுக்குப் பதில் இதுதான். காய்ச்சல் என்பது வைரஸ் வெளியேறும் சத்தம் அல்ல. நம் உடம்பு தாமதமாக விழித்துக்கொண்டு அடிக்கும் மணி. அது அடிப்பதற்கு முன்பே தொண்டையிலும் மூக்கிலும் உள்ள செல்கள் உயிரோடு, உடையாமல், லாரி லாரியாக அனுப்பத் தொடங்கிவிடும். அவன் அப்பா அந்த வெள்ளிக்கிழமைக்கு முன் யாருக்கும் தெரிந்து எதையும் கொடுக்கவில்லை. வீட்டில் எல்லோரும் ஒரே அறை, ஒரே ஃபேன். அவர் என்ன செய்திருக்க முடியும்? அந்தப் பையன் ஐந்து வருடத்துக்கு மேல் மனதில் சுமந்துகொண்டிருந்தது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த வருடம் நடந்ததை எண்ணிப் பாருங்கள். தாராவியில் முதல் நோயாளி தெரியவந்தது 2020 ஏப்ரல் 1-இல். மாநகராட்சிக் கணக்குப்படி இரண்டரை சதுர கிலோமீட்டரில் எட்டரை லட்சம் பேர். வீட்டில் கக்கூஸ் உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். காய்ச்சல் உள்ளவர்களைத் தேடி வீடு வீடாகப் போனார்கள். பள்ளிக்கூடங்களையும் கல்யாண மண்டபங்களையும் தனிமை முகாம்களாக்கினார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அதே ஜூலையில் மாநகராட்சியும் நிதி ஆயோகும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து மூன்று வார்டுகளில் 6936 பேரின் ரத்தத்தைச் சோதித்தன. அவற்றில் இரண்டு நம்முடையவை: மாட்டுங்கா அடங்கிய எஃப் நார்த், செம்பூர் அடங்கிய எம் வெஸ்ட். மூன்றாவது தஹிசர் பக்கம். குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்கும், மற்ற கட்டிடங்களில் நூற்றுக்கு 16 பேருக்கும் வைரஸ் ஏற்கெனவே வந்துபோன அடையாளம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் நோய் வந்ததே தெரியாமல் இருந்தவர்கள். சத்தமில்லாமல் வெளியேறும் வித்தையின் கணக்கு அந்த 57.

அடுத்த கேள்வியை என் மனைவி கேட்டாள். "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்காங்களே, அந்தக் கத்தரிக்கோலை மழுக்க ஒரு மாத்திரை கொடுத்தா என்ன?"

நல்ல கேள்வி. ஆனால் அது யாருடைய கத்தரிக்கோல்? எங்கள் ஒர்க்ஷாப்பிலும் முதலில் ஓர் அதிகாரி ஸ்கிராப் லாரியையே நிறுத்திவிட்டார். நான்கே நாளில் யார்டு முழுக்கக் குப்பை, ஒரு பெட்டியை நகர்த்த இடமில்லை. டி.எஸ்.ஜி.101 அறவே இல்லாத எலிக் கருக்கள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போயின. பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது சுலபம். அதற்குச் சொந்த இயந்திரங்கள் உண்டு, அவை நம்முடையவற்றிலிருந்து வேறுபட்டவை, குறிபார்த்து அடிக்கலாம். வைரஸ் பயன்படுத்துவதோ பெரும்பாலும் நம் இயந்திரங்களை. சளி, வைரஸ் காய்ச்சல் என்றதும் மெடிக்கல் ஸ்டோரில் நாமாக ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குகிறோமே, அது வேறு எங்கோ போக வேண்டிய தோட்டா. (டி.எஸ்.ஜி.101-ஐப் பிடித்து எச்.ஐ.வி.யை நிறுத்தும் வேதிப்பொருள்களும் 2017-இல் சோதனைக் குழாயில் தென்பட்டன. அவை நாம் அசிடிட்டிக்குப் போடும் மாத்திரை வகையைச் சேர்ந்தவை. உடனே யாரும் கடைக்கு ஓட வேண்டாம். அது ஆராய்ச்சி அளவில் உள்ள விஷயம்.)

ஆகவே மருந்து செய்கிறவர்கள் வைரஸ் தன் கையோடு கொண்டுவந்த கருவி எது என்று தேடுகிறார்கள். ஃப்ளூ இதற்கு நல்ல உதாரணம். அது எஸ்கார்ட்டை நம்புவதில்லை. கழுத்தை அறுக்கவும், வாசலில் ஒட்டிக்கொள்ளாமல் விலகவும் சொந்தக் கருவிகள் வைத்திருக்கிறது. விலக உதவும் கருவிக்கு நியூராமினிடேஸ் என்று பெயர். அதை மழுக்குவதுதான் டாமிஃப்ளூ மாத்திரை. 2009-இல் பன்றிக் காய்ச்சல் புனேயில் முதல் உயிரை வாங்கியபோது இந்த மாத்திரை இங்கே எல்லோர் வாயிலும் அடிபட்டது. காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று அப்போது டாக்டர்கள் சொன்னது ஏன் என்று இப்போது விளங்கும். அது வாசலை அடைக்கும் மருந்து. எல்லாம் வெளியே போன பிறகு அடைத்து என்ன லாபம்?

எச்.ஐ.வி.யும் அப்படியே. வாசலைத் தாண்டும் வேளையில் அதன் சொந்த வெட்டுப் புரதம் காக்கைத் துண்டு துண்டாக்கினால்தான் அது முற்றும். அதைத் தடுக்கும் மாத்திரைகள் 1995 முதல் வந்தன. நகல் எடுக்கும் அதன் சொந்த இயந்திரத்தைத் தடுக்கும் மருந்துகள் அதற்கும் முந்தியவை. ஆனால் வருடத்துக்குப் பத்தாயிரம் டாலர் யாரிடம் இருக்கிறது? 2001 பிப்ரவரியில் நம் மும்பையின் சிப்ளா கம்பெனி, நகல் இயந்திரத்தைத் தடுக்கும் மூன்று மருந்துகளைச் சேர்த்து வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக ஒரு தொண்டு நிறுவனத்திடம் சொன்னதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய ஆஸ்பத்திரிகளில் நம் ஜே.ஜே.யும் தாம்பரமும் உண்டு.

சரி, நம் சொந்தக் கத்தரிக்கோலைத் தொடவே முடியாதா? எங்கள் ஒர்க்ஷாப்பில் அப்புறம் வந்த பெரியவர் ஒருவர் லாரியை நிறுத்தவில்லை. ஒவ்வொரு லாரியும் எடை மேடையில் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போகட்டும் என்றார். குப்பை அரை மணி தாமதமாகப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் திருட்டுப் பித்தளையோடு அரை மணி வெயிலில் நிற்க எந்தத் திருடனுக்கும் தைரியம் வரவில்லை.

இயற்கை இதை ஏற்கெனவே செய்திருக்கிறது. யூட்டா பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட செய்தி இது. தென் அமெரிக்காவின் அணில் குரங்கிலும், சுண்டெலியிலும் எஸ்கார்ட் புரதம் ஒன்றின் அரைகுறை நகல் கூடுதலாக இருக்கிறது. வால் அறுந்த நகல். அது கோஷ்டியில் புகுந்து வேலையை நிறுத்துவதில்லை, சற்றே தாமதப்படுத்துகிறது. செல் அந்தத் தாமதத்தைத் தாங்கிக்கொள்கிறது, இரண்டாகப் பிரிவதும் நடக்கிறது. வைரஸால் தாங்க முடியவில்லை. அந்த நகலை மனித செல்களில் வைத்துப் பார்த்தபோது எச்.ஐ.வி. வாசலிலேயே சிக்கிக்கொண்டது. குரங்குக்கும் எலிக்கும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்ததல்ல இது, தனித்தனியே உண்டானது. மனிதர்களுக்கு இது வாய்க்கவில்லை.

இதைச் சொன்னபோது அந்தப் பையன் சிரித்தான். "அப்பா ரயிலுக்குக் காஷன் ஆர்டர் கொடுக்கிற மாதிரின்னு சொல்லியிருப்பாரு, பெரியப்பா" என்றான். ஆமாம், அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.